நாவின் சாட்சி

ஒரு பொருளை நல்லதென்று பிறருக்கு எடுத்துச் சொல்வது எளிய காரியமன்று. மாம்பழமாயினும் சரி, மருந்தாயினும் சரி, "இதனை நம்பி வாங்கலாம்" என்று சொன்ன கணத்திலேயே நாம் சாட்சிக்கூண்டில் ஏறிவிடுகிறோம். பழம் புளித்துவிட்டால் பழி மாமரத்தைச் சேர்வதில்லை. எமது சொல்லையே சேர்கின்றது. அதிலும் மதுவகைகளைப்பற்றிச் சாட்சி சொல்வது மிகவும் பொல்லாத வேலை. மாம்பழம் உண்டு கெட்ட குடும்பத்தை நாம் கண்டதில்லை. மதுவினாற் கெட்ட குடும்பம் ஒன்றேனும் இல்லாத ஊரையும் நாம் கண்டதில்லை.

அப்படியிருக்க, குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியிலே வைனைப்பற்றியும் பியரைப்பற்றியும் எழுதத் துணிந்ததேன் என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. எம்மவர் பிள்ளைகள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். அலுவலக விருந்துகளிலே பரிசாரகன் ஒரு பட்டியலை நீட்டி, "எது வேண்டும்?" என்று கேட்கின்றான். கொழும்பிலும் இப்போது இக்காட்சி புதியதன்று. அவ்வேளையில் எம்மிற் சிலர் கூச்சத்தால் எதையோ சுட்டிக்காட்டி, வந்ததைக் குடித்துவிடுகின்றனர். வேறு சிலர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஏதோ குற்றம் செய்தவர்போலத் தலைகவிழ்ந்திருக்கின்றனர். இரு சாராருக்கும் உதவக்கூடிய அறிவு ஒன்றுண்டு. சுவைத்தல் என்பது அதன் பெயர். அது குடித்தலுக்கு உறவென்று பலர் எண்ணுகின்றனர். சற்று உற்றுநோக்கினால், இரண்டுக்கும் பகையே அதிகம் என்பது புலப்படும்.

பழந்தமிழர் கண்டது

மேனாட்டாரின் நாகரிகம் என்று நாம் எண்ணும் இவ்விடயம் எம் முன்னோருக்குப் புதிதன்று. புறநானூற்றின் 56-ஆம் பாட்டிலே நக்கீரர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் கொண்டுவந்த தேறலைப்பற்றிக் கூறுகின்றார். அது எந்த நாட்டார் கொண்டுவந்தது, எத்தகைய கலத்தில் வந்தது, எவ்வாறு குளிர்ந்திருந்தது, எவ்வாறு மணந்தது என்னும் நான்கு செய்திகளையும் ஓரடியிலே அடக்கிவிடுகின்றார். இன்று பாரிஸ் நகரத்திலே வைனைச் சுவைத்துக் குறிப்பெழுதுபவரும் முதலிற் குறித்துக்கொள்வன இவையே. 1945-ஆம் ஆண்டில் மோர்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. புலவர் பாடியது வெறுங் கற்பனையன்று என்பதற்கு அவ்வோடுகள் சான்று கூறுகின்றன.

யவனர் தந்ததை அருந்தியதோடு எம்மவர் நின்றுவிடவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே, அரிசியிலிருந்து மது ஆக்கும் முறை ஒரு சமையற்குறிப்பைப் போலச் சொல்லப்பட்டிருக்கின்றது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகக் காய்ச்சுவார்கள். வாயகன்ற பிழாவில் இட்டு அதனை ஆறவைப்பார்கள். முளையிலிருந்து செய்த அடையைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியுமட்டும் சாடியிலே விளையவிடுவார்கள். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பார்கள். தானியத்தை முளைக்கவைத்து, அம்முளையின் துணையால் மாப்பொருளைச் சர்க்கரையாக்கி, அச்சர்க்கரையைப் புளிக்கச்செய்தல் என்பதே பியரின் தத்துவம். வீட்டிற் சமைத்த நெல்மதுவுக்குத் தோப்பி என்ற பெயரும் அந்நூலிலே வருகின்றது. சிற்றாலைகளிற் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பியருக்கு இன்று மேனாடுகளில் உள்ள மதிப்பை நோக்கும்போது, எமது தோப்பியை நினையாதிருக்க இயலவில்லை.

இவ்வளவும் அறிந்த அதே தமிழ்தான் திருக்குறளிலே கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையும் வைத்தது. பெற்ற தாயின் முகத்துக்கு முன்னேயே களித்தல் துன்பந் தருமென்றால், சான்றோர் முன்னிலையில் அது என்னாகும் என்று வள்ளுவர் வினவுகின்றார். நக்கீரரை மட்டும் எடுத்துக்கொண்டு வள்ளுவரை விடுவதும், வள்ளுவரை மட்டும் எடுத்துக்கொண்டு நக்கீரரை மறைப்பதும் எமது மரபை அரைகுறையாகப் படிப்பதாகும்.

ஆறு சுவையும் ஒரு கிண்ணமும்

வைனைச் சுவைப்பதற்கு ஓர் ஒழுங்குண்டு. கிண்ணத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் ஊற்றலாகாது. முதலில் அதனை வெள்ளைத்துணிக்கு எதிரே சற்றுச் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். செந்நிற வைன் இளமையில் நாவற்பழச் சாயலாக இருக்கும்; முதிர முதிர அதன் விளிம்பு செங்கல் நிறத்தை அடையும். வெண்ணிற வைனோ முதிருந்தோறும் பொன்னிறமாகக் கருக்கும். அதன்பின் கிண்ணத்தை மெல்லச் சுழற்றி முகர்தல் வேண்டும். சுவை என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி மூக்கின் வேலையே. தடிமன் பிடித்த நாளில் இரசமும் வெந்நீரும் ஒன்றுபோலத் தோன்றுவதை அறியாதவர் யார்? கடைசியாக ஒரு சிறு மிடறை வாயில் எடுத்து, நாவெங்கும் படரவிட்டு, பக்கத்திலுள்ள பாத்திரத்தில் உமிழ்ந்துவிடவேண்டும்.

உமிழ்வதா என்று வாசகர் திகைக்கலாம். ஆம், உமிழ்வதே முறை. ஒரு நாளில் பல பத்துக் கிண்ணங்களைச் சோதிக்கும் தொழிலாளர் அத்தனையையும் விழுங்கினால், ஐந்தாவது கிண்ணத்துக்குப் பின்னர் அவர் சொல்வதை யார் நம்புவார்? மதுவைப்பற்றி மிகுதியாக அறிந்தவர் மிகக் குறைவாக விழுங்குகின்றார் என்பதை மாணவர்கள் மனங்கொள்ளுதல் நன்று.

வாயிலே படர்ந்ததை எச்சொல்லாற் குறிப்பது? இங்கே தமிழர் அச்சப்படவேண்டியதில்லை. மேனாட்டார் அடிப்படைச் சுவைகளாக எண்ணும் ஐந்திலே துவர்ப்புக்கு இடமில்லை. எமது அறுசுவைக் கணக்கிலே அதற்குத் தனியிடமுண்டு. செந்நிற வைனின் உயிர்நாடியே துவர்ப்புத்தான். திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து அது வருகின்றது. பாக்கை மென்றவரும் வாழைப்பூவை நறுக்கியவரும் பாலில்லாத கடுந்தேநீரைப் பருகியவரும் அதனை உடனே இனங்கண்டுகொள்வர். அடுத்தது புளிப்பு. பழப்புளியைப் புளிப்பாக்கும் தார்த்தாரிக்கு அமிலமே திராட்சையையும் புளிப்பாக்குகின்றது. ஆதலால் எமது வீட்டுப் பெண்களுக்கு அது பழகிய சுவை. புளியாமல் எஞ்சிய சர்க்கரை இனிப்பைத் தரும். தொண்டையிலே காந்தும் கார்ப்பு மதுசாரத்தின் வேலை. பியரின் கைப்போ ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவிலிருந்து வருவது; பாகற்காயையும் வேப்பம்பூ வடகத்தையும் விரும்பி உண்ணும் எமக்கு அதனைப் பிறர் விளக்கவேண்டியதில்லை.

உணவோடு சேரும்போது இச்சுவைகள் மாறுபடும். துவர்ப்பு மிக்க செந்நிற வைன் கொழுப்புள்ள இறைச்சியோடு இணங்கும். ஆனால் எமது மிளகாய்த்தூட் கறியோடு அதனைச் சேர்த்தால் உறைப்பும் துவர்ப்பும் மதுசாரத்தின் காந்தலும் ஒன்றையொன்று தூண்டி வாயைப் புண்ணாக்கும். யாழ்ப்பாணத்துக் கறிக்கு இணங்கக்கூடியது, ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைகளில் விளையும் ரீஸ்லிங் போன்ற, சிறிது இனிப்பும் நல்ல புளிப்பும் குறைந்த மதுசாரமும் உடைய வெண்ணிற வைனே. ஆயினும் அக்கறிக்கு ஒரு குவளை மோர் அதைவிட நன்றாக இணங்கும் என்பதை மறைத்தால் நாம் பொய்ச்சாட்சி ஆவோம்.

பெயர்ச்சீட்டின் மயக்கு

சுவைப்பவரை மயக்குவது கிண்ணத்திலுள்ள மதுமட்டுமன்று. புட்டியில் ஒட்டிய பெயர்ச்சீட்டும் அதன் விலையும் அதனினும் மயக்கும்.

1976-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆந் திகதி பாரிஸ் நகரத்திலே ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய வைன் வணிகர் ஒரு சோதனையை நடத்தினார். பிரான்சின் புகழ்பெற்ற வைன்களோடு, அப்போது எவரும் பெரிதாக மதியாத கலிபோர்னிய வைன்களையும் பெயர் மறைத்து வைத்தார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் இருபதுக்குப் புள்ளியிட்டனர். கலிபோர்னிய வைன் ஒன்றை முகர்ந்த நடுவர் ஒருவர், மீண்டும் தாய்நாட்டுக்கு வந்துவிட்டதாக மகிழ்ந்தாராம். இன்னொருவர் பிரான்சின் பெருமைமிக்க வைன் ஒன்றை முகர்ந்து, மணமற்ற இது கலிபோர்னியாவினதே என்று தள்ளினாராம். முடிவிலே வெண்ணிறத்திலும் செந்நிறத்திலும் முதலிடம் பெற்றவை கலிபோர்னியாவில் 1973-ஆம் ஆண்டு விளைந்த வைன்கள். அங்கே இருந்த ஒரேயொரு பத்திரிகையாளர் 'ரைம்' சஞ்சிகையில் அதனை எழுதியபின்னரே உலகம் அறிந்தது.

2001-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. பிரான்சின் போர்தோ நகரத்திலே வைன் தொழிற்கல்வி பயிலும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற செஞ்சாயம் கலந்த வெண்ணிற வைன் கொடுக்கப்பட்டது. அவர்கள் செந்நிற வைனுக்கே உரிய சொற்களால் அதனை வருணித்தனர். கண் சொன்னதை மூக்கு அப்படியே ஒப்புவித்துவிட்டது. கலிபோர்னியாவிலே ரொபேர்ட் ஹொட்ஜ்சன் என்பவர், போட்டி நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து ஒரே வைனை மும்முறை, அவர்கள் அறியாதபடி ஊற்றிக் கொடுத்தார். மும்முறையும் ஏறத்தாழ ஒரே தரத்தைக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவரே. இது 2008-ஆம் ஆண்டிலே ஆய்விதழில் வெளியாயிற்று.

இவற்றைப் படித்துவிட்டு, சுவைக்கலை முழுவதும் பித்தலாட்டம் என்று சொல்வோருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பத்தில் ஒருவர் தவறாது சொன்னார் என்பதும் அதே ஆய்வின் செய்தியே. நா கற்கக்கூடியது, ஆனால் எளிதிற் கையூட்டு வாங்கக்கூடியது. விலையும் பெயரும் நிறமும் அதற்குக் கையூட்டுக் கொடுக்கின்றன. ஆகையால் ஒரு வைன் நல்லதா என்று அறியவேண்டுமாயின், புட்டியைக் கடதாசியாற் சுற்றிவிடுக. சுவைத்து, எழுதி, அதன்பின் கடதாசியை அவிழ்த்துப் பார்க்க. இதற்குச் செலவொன்றும் இல்லை.

வாற்கோதுமையும் பனையும்

பியரின் கதை வைனின் கதையினும் எளியது. 1516-ஆம் ஆண்டிலே பவேரியாவில் இயற்றப்பட்ட விதி, பியருக்கு வாற்கோதுமையும் ஹொப்ஸும் நீருமன்றி வேறொன்றும் சேர்க்கலாகாது என்றது. நொதியத்தை அவ்விதி குறிப்பிடவில்லை. அதன் தொழிலை உலகம் உணர்ந்தது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், லூயி பாஸ்டரின் ஆராய்ச்சியாலாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பேராலைகள் சிற்றாலைகளை விழுங்கின. எங்கும் ஒரே நிறமும் ஒரே சுவையுமுள்ள பியரே மிஞ்சியது. இதனைப் பொறுக்காத ஆங்கிலேயர் சிலர் 1971-ஆம் ஆண்டில் பழைய பியர்களைக் காக்க இயக்கம் தொடங்கினர். கலிபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மக்கோலிஃப் என்னும் முன்னாட் கடற்படையாளர் 1976-இல் ஒரு சிற்றாலையை நிறுவினார். அது 1982-இல் மூடப்பட்டபோதிலும், அதன் வழியைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான சிற்றாலைகள் அமெரிக்காவில் எழுந்தன.

இவ்வகைப் பியரைச் சுவைப்போர் செய்யும் முதற்றவறு, அதனைப் பனிக்கட்டிபோற் குளிரவைப்பதாகும். கடுங்குளிரிலே மணம் உறங்கிவிடும். கறுத்த பியரிலே வறுத்த கோப்பியும் கருகிய சர்க்கரையும் மணப்பதை அறியவேண்டுமாயின், சற்றே குளிர்தணிய விடவேண்டும். 1977-இல் உலகப் பியர்களைப்பற்றி நூலெழுதிப் புகழ்பெற்ற மைக்கல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயர், பாடகரான அப்பெயரினரல்லர், இலங்கைக்கும் வந்து இந்நாட்டிற் காய்ச்சப்படும் கறுத்த பியரைச் சுவைத்துப் புகழ்ந்தெழுதினார். ஊர் ஊராகச் சென்று, செய்தவரோடு பேசி, அதன்பின் எழுதியதே அவர் எழுத்தின் பெருமை. அவர் 2007-இற் காலமானார்.

செய்தவரோடு பேசுதல் என்றதும் எமது நினைவு வடபுலத்துப் பனைகளுக்குச் செல்கின்றது. பனையின் பாளையைச் சீவி முட்டியைக் கட்டினால், விழும் சாறு முதலில் வெறும் இனிப்பே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அது புளியாது, கருப்பநீராக இறங்கும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். சுண்ணாம்பில்லாத முட்டியிலோ, காற்றிலும் கலத்திலும் உள்ள நொதியங்கள் மரத்தின் உச்சியிலேயே தமது வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு மேலோங்கியிருக்கும் கள், பொழுதேறப் புளிப்பும் உறைப்பும் ஏறி, மறுநாள் காடியை நோக்கி நடக்கும். வைனைப்போல் இருபது ஆண்டு முதிரவைக்க முடியாத மது இது. ஒரு பகற்பொழுதே அதன் ஆயுள்.

எமது இளமையில் எங்கள் வளவிலும் அயல்வளவுகளிலும் பாளை சீவிய பெரியவர் ஒருவர் இருந்தார். தளைநாரும் பாளைக்கத்தியுமாக நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குவார். அவரது மூக்கும் நாவும் அயலிற் புகழ்பெற்றவை. ஒருநாள் எமது தமையனார் அவரைச் சோதிக்க எண்ணி, அவர் காணாதபடி மூன்று பிளாக்களிலே கள்ளை வார்த்துவைத்தார். பெரியவர் ஒவ்வொன்றையும் முகர்ந்து, நாவிலே தொட்டு, வேலியோரத்தில் உமிழ்ந்தார்.

"இது கிணத்தடிப் பனை. இது மேற்கு வேலிப் பனை. மூண்டாவதிலை ரெண்டையும் கலந்து வைச்சிருக்கிறியள், என்ன தம்பி?" என்றார்.

தமையனார் வாயடைத்துப்போனார். சிறுவராயிருந்த நாம், ஏன் குடியாமல் உமிழ்ந்தீர்கள் என்று கேட்டோம். "மரத்திலை ஏறுறவன் வெறிச்சால் விழுவான், தம்பி. முதல் மிடறுதான் ருசி. மிச்சமெல்லாம் வெறி. வெறிகாரனுக்குக் கள்ளின்ரை ருசி தெரியாது" என்று சொல்லி, அடுத்த பனைக்குப் போய்விட்டார்.

பாரிஸ் நகரத்து நடுவர்களைப்பற்றி வாசிக்குந்தோறும் இப்பெரியவரே எம் கண்முன் நிற்கின்றார். பெயர்ச்சீட்டு இல்லாத சோதனையிலே அவர் தவறவில்லை. கலந்து வைத்ததையும் கண்டுபிடித்தார். ஆயினும் அந்த நாவுக்கு எவரும் பட்டம் சூட்டவில்லை. அவர் இறக்கிய கள்ளை விரும்பி வாங்கியவர்களில் எத்தனைபேர் அவரைத் தமது விறாந்தையில் இருத்தி ஒரு வார்த்தை பேசினர்? மேனாட்டிலே மது சுவைப்போரை அறிஞரென்று கொண்டாடும்போது நாம் கைதட்டுகின்றோம். எமது பனையடியிலே நின்ற அறிஞரை வேலிக்கு வெளியே நிறுத்தினோம். இவ்வநியாயத்தைச் சொல்லாது சுவைக்கலையைப்பற்றிப் பேசுவது எமக்கு ஒவ்வவில்லை.

யாருக்குச் சொல்கின்றோம்?

இனி, பரிந்துரைத்தல் என்பதற்கு வருவோம். சென்ற சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு படித்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எம்மைக் காண வந்தார். அவரது மகனுக்கு மெல்பேண் நகரத்திலே திருமணம்.

"மாலை விருந்துக்கு வைன் வைக்கவேணுமாம். எனக்கு இதிலை ஒண்டும் தெரியாது. நீர் இதைப்பற்றியெல்லாம் வாசிக்கிறனீர். எது நல்லதெண்டு ஒரு துண்டிலை எழுதித்தாரும்" என்றார்.

விருந்துக்கு யார் யார் வருகின்றனர் என்று கேட்டோம். மகனோடு வேலைசெய்வோர், பெண்வீட்டார், கனடாவிலிருந்து வரும் உறவினர் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியிலே குரலைத் தாழ்த்தி, "அண்ணையின்ரை மகனும் வாறான்" என்றார்.

அந்த அண்ணனை நாம் அறிவோம். நல்ல கணித ஆசிரியர். சாராயம் அவரை நாற்பத்தெட்டு வயதிலே கொண்டுபோயிற்று. மகனும் தந்தையின் வழியிலே சென்று, பெருமுயற்சியோடு மீண்டு, அப்போது இரண்டு ஆண்டுகளாக ஒரு துளியும் தொடாதிருந்தான். இரு நூறு பேர் கிண்ணத்தோடு நிற்கும் மண்டபத்துக்கு அவன் வரப்போகின்றான்.

எடுத்த பேனையை நாம் சிறிதுநேரம் கீழே வைத்தோம். அதன்பின் எழுதிய துண்டிலே வைனைப்பற்றி இரண்டு வரியே இருந்தது. மெல்பேணுக்கு அருகிலேயே யாராப் பள்ளத்தாக்கு உண்டு. தொலைநாட்டுப் பெயருக்குப் பணம் கொடாமல் அங்கு விளைவதில் வெண்ணிறத்தில் ஒன்றும் செந்நிறத்தில் ஒன்றும், நடுத்தர விலையில், பெயர் மறைத்துச் சுவைத்துத் தெரிந்தெடுக்க என்பதே அது. மீதிப் பக்கம் முழுவதும் வேறு பானங்களைப்பற்றியது. இஞ்சியும் தேசிக்காயும் பனங்கட்டியும் சேர்ந்த பானம் ஒன்று. நன்னாரிச் சர்பத்து ஒன்று. கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் இட்ட மோர் ஒன்று. நுவரெலியாத் தேயிலையைப் பாலின்றி வடித்து ஆறவைத்தது ஒன்று. இவை நான்கையும் முன்னரே செய்து சுவைத்துப் பார்க்கவேண்டும். வைன் வார்க்கும் அதே அழகிய கிண்ணங்களில், அதே தட்டில், வைனுக்கு முன்னதாக இவை வரவேண்டும். எவருடைய கிண்ணத்தையும் கேளாமல் நிரப்பலாகாது. வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று ஒருவரும் கேட்கலாகாது. இறுதி வரியின்கீழ் இரட்டைக்கோடு இட்டோம்.

நண்பர் அதனை வாசித்துவிட்டு, "நான் கேட்டது வைனைப்பற்றி" என்றார்.

"நாங்கள் எழுதினது விருந்தைப்பற்றி" என்றோம்.

மெல்பேணிலிருந்து திரும்பியதும் அவர் நேரே எம்மிடம் வந்தார். வைன் எப்படியிருந்தது என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. "பெடியன் இஞ்சித்தண்ணிக் கிண்ணத்தோடை எல்லாரோடும் கதைச்சுக்கொண்டு கடைசிமட்டும் நிண்டவன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றார். மற்றொன்றையும் சொன்னார். மகனின் அலுவலகத் தலைவர் மோரை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கி, அதன் செய்முறையை எழுதிக்கொண்டு போனாராம்.

வைனுக்கு உரிய அத்தனை கவனத்தையும் வைனல்லாத பானத்துக்கும் கொடுத்தால், வேண்டாமென்பவர் தலைகவிழ்ந்து நிற்கவேண்டியதில்லை. வெறுங்கையோடு நிற்பவனையே கூட்டம் துளைத்துத் துளைத்துக் கேட்கும். அவன் கையிலும் நல்ல கிண்ணம் ஒன்று இருக்குமாயின் அவனும் விருந்தினனே. ஆகவே பரிந்துரைப்பவன் புட்டியை அறிந்தால் மட்டும் போதாது. அருந்தப்போகும் ஆளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்திலே மருத்துவ உண்மையையும் சொல்லிவிடவேண்டும். மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 1988-ஆம் ஆண்டிலேயே அறுதியிட்டுக் கூறியது. தீங்கற்ற அளவென ஒன்று மதுவுக்கு இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு கிண்ணம் செந்நிற வைன் இருதயத்துக்கு நல்லது என்று சொல்லி ஊற்றிக் கொடுக்கும் உறவினர்களுக்கு இதனை அன்போடு எடுத்துச் சொல்லலாம். இந்நாட்டின் 2006-ஆம் ஆண்டு 27-ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்றலையும், மதுவுக்கு விளம்பரஞ் செய்தலையும் தடுக்கின்றது. இக்கட்டுரையிலே இன்ன புட்டியை வாங்குங்கள் என்று நாம் எதனையும் சொல்லாமைக்குச் சட்டம் ஒரு காரணம். எமது மனம் மற்றொரு காரணம்.

மாணவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது ஒன்றுண்டு. சுவைக்கலையைக் கற்பதற்கு மது வேண்டியதில்லை. வீட்டிலே மூன்றுவகைத் தேயிலையை வாங்குங்கள். மலைநாட்டின் உயரத்தில் விளைந்தது ஒன்று, இடைநிலத்தது ஒன்று, தாழ்நிலத்தது ஒன்று. ஒரே அளவு தூள், ஒரே அளவு நீர், ஒரே அளவு நேரம். தாயாரைக்கொண்டு மூன்று கோப்பைகளில் வார்ப்பித்து, எது எதுவென்று அறியாமல் பாருங்கள், முகருங்கள், சுவையுங்கள். பிறகு ஒரு தாளிலே துவர்ப்பு, கைப்பு, மணம் என்று எழுதுங்கள். முதல் நாள் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு மாதத்தில் நா பேசத்தொடங்கும். அந்த நா பிற்காலத்திலே அயல்நாட்டு விருந்தொன்றில் வேண்டும் என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொன்னாலும், தான் சொல்வது இன்னதென்று அறிந்தே சொல்லும்.